நான் ஒருத்தி, வாண்டுகள் இரண்டு: சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தஞ்சாவூர், எந்த வழி நல்லது?

தஞ்சைப்பொண்ணு
மார்ச் 9

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் நடுவில் பள்ளி விட்டதும் ஊருக்குப் போகிறேன். பெரியவளுக்கு நாலரை வயது. சின்னவனுக்கு அன்றைக்கு 23 மாதம், 12 கிலோ. ஜூலை முதல் வாரம் தஞ்சாவூரில் அம்மா வீட்டில் இருக்கும்போதே 2 வயது முடிந்துவிடும். திரும்புவது ஜூலை கடைசி. வீட்டுக்காரருக்கு இப்போது லீவு இல்லை, கடைசி இரண்டு வாரம் வந்துவிட்டு எங்களை அழைத்துக்கொண்டு வருவார். ஆக, போகும்போது நான் ஒருத்திதான்.

மூன்று வழி பார்த்து வைத்திருக்கிறேன். துபாய் போய்ச் சென்னை என்றால் முதலில் ஏறக்குறைய 16 மணி நேரம், பிறகு 4 மணி நேரம், அப்புறம் காரில் ஆறேழு மணி நேரம். சிங்கப்பூர் போய்த் திருச்சி என்றால் முதல் பறப்பு 17 மணி நேரத்தை ஒட்டி, அடுத்தது 4 மணி நேரம், இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு. ஆனால் அந்த இரண்டாவது விமானம் குறைந்த கட்டண விமானம், அதில் தொட்டில் கிடையாதாம். ஃபிராங்க்ஃபர்ட் போய்ச் சென்னை என்றால் 11ம் ஒன்பதரையும். இரண்டும் சம அளவில் பிரிவதால் அது நல்லது என்று ஒரு தோழி சொல்கிறாள்.

சின்னவனுக்கு இன்னும் 2 ஆகாததால் போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போகலாம், பணம் மிச்சம். செய்யலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லக்கேஜ்மாமா
மார்ச் 9

அம்மாடி, மணி நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதை முதலில் விடு. கைகளை எண்ணு. உனக்கு இரண்டு கை. பெரியவள் ஒன்றைப் பிடித்துக்கொள்வாள், சின்னவன் இன்னொன்றில். பாஸ்போர்ட்டை எதில் எடுப்பாய்? விமானத்துக்குள் இருக்கும் நேரம் கஷ்டம்தான், ஆனால் அங்கே யாரும் எங்கும் ஓடிவிட முடியாது. இறங்கி, நடந்து, வரிசையில் நின்று, மறுபடி ஏறுகிற நேரம்தான் ஆளைக் கொல்லும். அதனால் இறங்கி ஏறுவது எத்தனை முறை என்று எண்ணு, கடைசிக் கார் பயணத்தையும் சேர்த்து. இருபது மணி நேரம் பறந்துவிட்டு, தாம்பரம் நெரிசலில் இரண்டு பிள்ளைகளோடு ஆறு மணி நேரம் காரில் உட்கார்வது உன் வயதுக்கும் வேண்டாம், என் வயதுக்கும் வேண்டாம். என் ஓட்டு திருச்சிக்கு.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்து, முதலாவது தாமதமானால் இரண்டாவது உனக்காக நிற்காது, பணமும் போகும். பெட்டியும் திருச்சி வரைக்கும் சீட்டு ஒட்டிப் போகாது.

மடியில் வைப்பது பற்றி: மடிக் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவில் வாங்குவார்கள், அதனால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 12 கிலோ, 17 மணி நேரம்! தொட்டில் கனவும் வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி எடை வரம்பு மாறும், பல இடங்களில் 11 கிலோ, சில இடங்களில் 14. உயர வரம்பு வேறு. 23 மாதப் பையன் காலை எங்கே நீட்டுவான்? சீட் பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் தூங்குகிற பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கவும் சொல்வார்கள். அவனுக்கும் ஒரு சீட் எடுத்துவிடு. ஜன்னல் ஓரம் மூன்று சீட் உங்களுக்கே என்றால் அது ஒரு சின்ன அறை மாதிரி. நீ வழி ஓரத்தில் உட்கார்ந்தால் கதவு பூட்டின மாதிரி. அதற்குத் தடுப்புச்சுவர் எதிரே உள்ள முதல் வரிசையைக் கேட்காதே. அங்கே கைப்பிடிகள் மேலே தூக்க வராது, பிள்ளைகளைக் குறுக்கே படுக்க வைக்க முடியாது. பையையும் காலடியில் வைக்க விடமாட்டார்கள்.

திரும்பும்போது அவனுக்கு 2 முடிந்திருக்கும், எப்படியும் சீட் எடுத்தே ஆக வேண்டும். வயதை டிக்கெட் எடுத்த நாளை வைத்துப் பார்க்கமாட்டார்கள், பறக்கும் நாளை வைத்துத்தான்.

ஜன்னல்சீட்
மார்ச் 10

போன மாதம் பின்னாலிருந்து ஒரு பிள்ளை ஒன்பது மணி நேரம் என் சீட்டை உதைத்தது. அம்மாக்காரி படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு நாலைந்து வயதாகும் வரைக்கும் தாத்தா பாட்டியை இங்கே வரவழைக்கலாமே? சும்மா கேட்கிறேன்.

இரட்டைத்தொல்லை
மார்ச் 10

ஜன்னல்சீட் அண்ணா, எங்கட அம்மாவுக்கு விசா ரெண்டு தரம் மறுத்தவை. அதுதான் நாங்கள் போறது. சரி, அதை விடுவம்.

தங்கச்சி, நாங்கள் டொராண்டோவில இருந்து டோகா வழியாகக் கொழும்புக்கு இரட்டைப் பிள்ளையளோடை போனனாங்கள், அப்ப அவைக்கு 14 மாதம். நானும் மனுசியும் பக்கத்தில பக்கத்தில இருந்து ஆளுக்கொன்றாக மடியில வைச்சிருக்கலாம் எண்டு நினைச்சு டிக்கெட் போட்டிட்டன். விடமாட்டினம். ஒரு வரிசைத் தொகுதிக்கு மேலதிக ஒக்சிசன் முகமூடி ஒன்றுதான் இருக்கும், அதாலை மடிக் குழந்தையும் ஒன்றுதான். கடைசியில நான் ஒரு பக்கம், மனுசி வழிக்கு அந்தப் பக்கம்.

ஸ்ட்ரோலர் பற்றி ஒரு கவனம். விமான வாசலில குடுத்தால் மாறுற இடத்திலையும் வாசலில திரும்பத் தருவினம் எண்டு நம்பாதையுங்கோ. பல இடங்களில அது நேரே கடைசி ஊருக்குப் போயிடும். எங்களுக்கு அப்பிடித்தான் நடந்தது. ரெண்டு பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு டோகாவில அந்த முனை தொடக்கம் இந்த முனை வரைக்கும் நடை. நடுவில ஒரு பெரிய மஞ்சள் கரடிப் பொம்மை இருக்கு, ஏழு மீட்டர் உயரம், தலைக்கு மேலை விளக்கு. அதைக் கண்டவுடன் ரெண்டு பேரும் அழுகையை நிறுத்திப்போட்டினம். அதுக்குக் கீழை நாங்கள் ரெண்டு பேரும் இருந்து அழாத குறை. உடம்பில கட்டுற பேபி கேரியர் ஒன்று கட்டாயம் வைச்சிருங்கோ. 12 கிலோ எண்டால் முதுகுப் பக்கம் கட்டுறது.

அத்தைப்பாட்டி
மார்ச் 10

என் நாத்தனார் மருமகள் சொன்னது: ஏறுவதற்கு அரை மணி முன்னால் இருமல் மருந்து ஒரு மூடி கொடுத்தால் குழந்தை லண்டன் வரைக்கும் தூங்குமாம். அந்தக் காலத்தில் எல்லாரும் கொடுத்ததுதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேத்தி மாதிரி நினைத்துச் சொல்கிறேன்.

குட்டிடாக்டர்
மார்ச் 11

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் மதுரையில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன்.

நீங்கள் சொல்கிற தூக்கம் வருவது டைபென்ஹைட்ரமின் மாதிரியான ஒவ்வாமை மருந்தால். சின்னக் குழந்தைகளில் அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு விடுவதைப் பாதிக்கலாம், பறக்கும்போது பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை. அது மட்டுமில்லை, சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். தூங்க மாட்டார்கள், பேய் பிடித்தாற்போல் குதிப்பார்கள். அது நம் குழந்தையா இல்லையா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

காது வலி பற்றி யாரும் பேசவில்லையே. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் தொல்லை அதிகம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல் இருக்கிற மாதிரி வைத்திருப்பார்கள், ஏறக்குறைய ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிறங்க ஆரம்பித்ததும் அழுத்தம் கூடுகிறது, நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் திறந்தால்தான் சமமாகும். எதையாவது விழுங்கினால் அது திறக்கும். அதனால் ஏறும்போதே பால் முழுவதையும் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது கொடுக்க ஒரு பாட்டில் மிச்சம் வையுங்கள். பெரியவளுக்குச் சூப்புகிற மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். உறிஞ்சு குழல் போட்ட பாட்டிலில் தண்ணீர் போதும். கிளம்பும் வாரத்தில் சளியோ காது வலியோ வந்தால் உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை காதைக் காட்டிவிடுங்கள்.

காய்ச்சல் மருந்தில் ஒரு குழி இருக்கிறது. அமெரிக்காவில் வாங்கும் குழந்தைகள் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 160 மில்லிகிராம். இங்கே கடைகளில் 120 இருக்கிறது, 250ம் இருக்கிறது. அங்கே கொடுத்த அதே மில்லி அளவை இங்கே 250 பாட்டிலிலிருந்து கொடுத்தால் ஒன்றரை மடங்கு போய்விடும். மில்லியை நினைவில் வைக்காமல், குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். இல்லையென்றால் அங்கிருந்தே ஒரு பாட்டில் எடுத்து வாருங்கள், அதுதான் சுலபம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு. டைபாய்டு தடுப்பூசி பற்றி இப்போதே கேளுங்கள். அமெரிக்காவில் அந்த ஊசி 2 வயதுக்கு மேல்தான் போடுகிறார்கள், இங்கே 6 மாதத்திலிருந்தே போடும் ஊசி உண்டு.

அத்தைப்பாட்டி
மார்ச் 11

சரி டாக்டர், வாபஸ். எனக்கும் வயசாகிவிட்டது, கேட்டதைச் சொன்னேன்.

பதிலுக்கு ஒன்று சொல்கிறேன், இதற்கு டாக்டர் சண்டைக்கு வரமாட்டார். பொம்மைக் கடைக்கெல்லாம் போகாதே. ஸ்டிக்கர் பொட்டு அட்டை பத்து வாங்கிப் பையில் போடு. கல் பதித்தது வேண்டாம், சின்னவன் வாயில் போடுவான், சாதா வெல்வெட் பொட்டு. உரித்து உரித்து ஒட்டட்டும்.

தஞ்சைப்பொண்ணு
மார்ச் 12

எல்லாருக்கும் நன்றி. சிங்கப்பூர் வழி, ஒரே டிக்கெட், மூன்று சீட் என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டுக்காரர் காசைப் பார்த்து லேசாக முனகினார். 12 கிலோ அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு இரவு உட்காருங்கள் என்றேன், சரி என்றுவிட்டார்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நான் எப்போது பாத்ரூம் போவது? பெரியவளுக்கு ஏரோப்ளேன் டாய்லெட் சத்தம் என்றாலே அலறல். போன தடவை அப்பா இருந்தார்.

ஃபில்டர்காபி
மார்ச் 12

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்! தனியாக மூன்று தடவை போய் வந்தவள் நான். இதை யாரும் எழுதவே மாட்டார்கள்.

உனக்கு: சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்னால் போய்விடு. வண்டி வழியை அடைத்தால் முக்கால் மணி நேரம் போகும். சின்னவன் தூங்கினால் பணிப்பெண்ணிடம் நேராகக் கேள், "ஐந்து நிமிடம் இங்கே நில்லுங்கள்" என்று. பெரும்பாலும் நிற்பார்கள். கேட்காமல் அவர்களாக வருவார்கள் என்று காத்திருக்காதே, நம் ஊர்ப் பெண்களுக்கு இதுதான் வியாதி. விழித்திருந்தால் மூன்று பேரும் ஊர்வலமாகப் போக வேண்டியதுதான். சின்னவனைக் கேரியரில் கட்டிக்கொண்டே போ. குழந்தைக்குத் துணி மாற்றும் மடக்குப் பலகை எல்லா டாய்லெட்டிலும் இருக்காது, எதில் இருக்கிறது என்று ஏறினவுடன் கேட்டுவை.

பெரியவளுக்கு: அந்த உறிஞ்சுகிற சத்தம்தான் பயம். வேலை முடிந்ததும் மூடியைப் போட்டு, அவளை வெளியே நிறுத்தி, கதவை உன் காலால் பிடித்துக்கொண்டு அப்புறம் ஃப்ளஷ் அழுத்து. வீட்டில் டயப்பர் விட்டு வருஷம் ஆகியிருந்தாலும் அன்றைக்கு மட்டும் ஒரு புல்-அப் போட்டுவிடு. "ஏரோப்ளேன் ஜட்டி" என்று பேர் வைத்தேன், என் பெண் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டாள். சீட் பெல்ட் விளக்கு எரியும்போதுதான் அவர்களுக்கு வரும், அது இயற்கை விதி.

சாப்பாடு: குழந்தைகள் சாப்பாடு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது. வந்தாலும் அதைச் சாப்பிடும் என்று எதிர்பார்க்காதே. நான் முதல் ஆறு மணி நேரத்துக்கு மிளகாய்ப் பொடி இல்லாமல் நெய்யும் பருப்புப் பொடியும் புரட்டிய மினி இட்லி, அதற்கப்புறம் பொரி, முறுக்கு, பேரீச்சை என்று போவேன். பேக்கப்: வறுத்து அரைத்த அரிசி பருப்புக் கஞ்சி மாவு, சின்ன டப்பாவில். வெந்நீர் கேட்டால் தருவார்கள், கலக்கி ஆற வைத்தால் கஞ்சி. அந்த வெந்நீரைப் பிள்ளைகள் தலைக்கு மேலே கை மாற்றி வாங்காதே, நீ எழுந்து நின்று வாங்கு. உன் காபியும் அப்படித்தான், மூடி போட்ட உன் கோப்பையில்.

பாதுகாப்புச் சோதனையில் குழந்தையின் பால், ஜூஸ், மசித்த உணவு 100 மில்லிக்கு மேல் இருந்தாலும் அமெரிக்காவில் விடுவார்கள். முதலிலேயே எடுத்து வெளியே வைத்துச் சொல்லிவிடு. கவனம், சிங்கப்பூரில் பல விமானங்களுக்குச் சோதனை ஏறும் வாசலிலேயே நடக்கும். உள்ளே வந்தாயிற்று என்று நினைத்து நீ நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டிலை அங்கே காலி செய்யச் சொல்வார்கள். வாசலுக்குப் போகும் முன் குடித்து முடித்துவிடுங்கள்.

மாற்றுத் துணி: பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று. உனக்கு ஒன்று. அந்த ஒன்றை மறந்துவிட்டு, முன்பக்கம் முழுக்க புளித்த பால் வாசனையோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவள் சொல்கிறேன்.

ஜன்னல்சீட்
மார்ச் 13

படித்தேன். நான் எழுதியது கொஞ்சம் கடுமைதான். பிள்ளை அழுவது எனக்குப் பிரச்சினையே இல்லை, காதில் மாட்டிக்கொள்வேன். சத்தத்தோடு கார்ட்டூன் ஓட விடுவதுதான் பிரச்சினை. குழந்தைத் தலைக்குப் பொருந்துகிற கம்பி வைத்த ஹெட்ஃபோன் வாங்குங்கள், அங்கே தருவது நழுவி விழும். படங்களை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். பவர் பேங்கைப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான். அதையும் பறக்கும்போது பயன்படுத்தக்கூடாது என்று இப்போது பல கம்பெனிகள் சொல்கின்றன. சார்ஜ் முழுசாகப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். அப்புறம், சீட்டை உதைத்தால் நடுவில் நீங்கள் உட்காருங்கள், ப்ளீஸ்.

லக்கேஜ்மாமா
மார்ச் 13

ஜன்னல்சீட் தம்பி மனிதர்தான் போலிருக்கிறது.

காகிதங்கள். பிள்ளைகள் அமெரிக்க பாஸ்போர்ட் என்றால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது), இல்லையென்றால் விசா. ஓசிஐ இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே ஆரம்பி. பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும், புதுப்பித்தால் புது பாஸ்போர்ட்டையும் படத்தையும் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும், அதை மறக்கிறவர்கள் நிறையப் பேர். தனியாகக் கூட்டிப் போகிறாய், அதனால் அப்பாவின் சம்மதக் கடிதம் நோட்டரி முத்திரையோடு ஒன்று வை. யாரும் கேட்காமலே போகலாம், கேட்டால் இல்லை என்று நிற்கக்கூடாது.

கார் சீட்டைத் தனியாளாக உள்ளே தூக்கிப் போகாதே, அது மூன்றாவது பிள்ளை. பெட்டிகளோடு போட்டுவிடு. பெரும்பாலும் அதற்குக் காசு வாங்கமாட்டார்கள், திருச்சி ரோட்டுக்கு அது வேண்டும். விமானத்தில் சின்னவனுக்கு கேர்ஸ் என்று ஒரு பட்டை வருகிறது, சீட்டில் மாட்டி மார்போடு கட்டுவது. 10 முதல் 20 கிலோ வரைக்கும், அரைக் கிலோதான் எடை. எல்லாக் கம்பெனியும் ஒப்புக்கொள்வதில்லை, கேட்டுவிட்டு வாங்கு.

சிங்கப்பூரில் அந்தப் பெரிய அருவியைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதே. அது இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது. உள்ளேயே 3வது முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் உண்டு, போதும்.

சின்னவன் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடு. என் பேரனுக்கு மூன்று ஊரில் மூன்று தடவை பீப் பீப் அடித்தது. டயப்பருக்குள் தேடிக் காட்ட வேண்டியதாயிற்று.

தஞ்சைப்பொண்ணு
ஆகஸ்ட் 6

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் பெட்டி பிரிக்கவில்லை. ஆனாலும் கணக்கு ஒப்படைக்க வேண்டுமே.

முதல் விமானத்தில் மூன்று சீட் எடுத்தது இந்தப் பயணத்திலேயே நல்ல முடிவு. பெரியவள் ஜன்னலில், சின்னவன் நடுவில் பட்டையில். ஏறி மூன்று மணி நேரத்தில் கைப்பிடியைத் தூக்கிவிட்டு, அவன் தலை என் மடியில், அவள் கால் அவன் மேல் என்று தூங்கிவிட்டார்கள். ஆறு மணி நேரம். நான் தூங்கவில்லை, கால் மரத்துப்போய் அசையாமல் இருந்தேன். மீதி நேரத்தில் இரண்டு தடவை சின்னவன் ஊரைக் கூட்டினான். இரண்டாவது தடவை நானும் எழுந்து பின்பக்கம் போய், பணிப்பெண்கள் சாமான் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே நின்றேன். அங்கே இன்னொரு அம்மாவும் அதே மாதிரி ஆடிக்கொண்டிருந்தார், எந்த நாடென்று தெரியவில்லை. இருவரும் ஒன்றும் பேசவில்லை, நாற்பது நிமிடம்.

"ஏரோப்ளேன் ஜட்டி" இரண்டு தடவை மானத்தைக் காப்பாற்றியது. ஃபில்டர்காபி அக்கா, உங்களுக்குக் கோயில் கட்டலாம்.

தப்பு நடந்தது சிங்கப்பூரில். ஐந்து மணி நேரம் இருக்கிறதே என்று பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். வெளியே வர மறுத்துவிட்டாள் பெரியவள். அழுது, உருண்டு, கடைசியில் ஒரு கையில் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஏறும் வாசலில் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள், எச்சரித்தும் மறந்திருந்தேன். ஸ்ட்ரோலர் நேரே திருச்சிக்குப் போய்விட்டது, டொராண்டோ அண்ணா சொன்னபடியே. வந்து சேர்ந்தபோது ஒரு சக்கரம் இல்லை.

தரையிறங்கும்போது சின்னவனை எழுப்பிப் பால் கொடுத்தேன், காது அழுகை இல்லை. பெரியவள் மட்டும் "காதுக்குள்ளே யாரோ ஊதுறாங்க" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் வல்லம் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் கார் சீட்டில் குறட்டை.

தூக்கம் சரியாக ஒரு வாரம் பிடித்தது. பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், பகல் அப்படியே ராத்திரியாகத் திரும்பிவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்பார்கள். அம்மா முதல் நாள் சுடச்சுட ஊற்றிக் கொடுத்தார். இரண்டாம் நாளிலிருந்து நான் தடுத்துவிட்டேன், விளக்கைப் போடாமல் தயிர்சாதம் மட்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாமல், காலையில் வெயிலில் விட்டேன். நாலாம் நாள் விடிகாலை நாலரைக்கு பெரியவள் பாட்டியோடு வாசல் தெளிக்கப் போனாள், கோலப்பொடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜெட்லாக் இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

திரும்பும்போது அவர் கூட இருந்தார். நாலு கை. அது வேறு பயணம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரட்டைத்தொல்லை
ஆகஸ்ட் 6

சந்தோசம் தங்கச்சி. சக்கரத்துக்குப் பெட்டி எடுக்கிற இடத்திலையே எழுதிக் குடுத்தனீங்களோ? வீட்டை போனாப் பிறகு சொன்னால் எடுபடாது.

தஞ்சைப்பொண்ணு
ஆகஸ்ட் 7

எங்கே அண்ணா, வாசலில் தாத்தாவைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், நானும் பின்னாலேயே. இருபது ரூபாய்க்குப் பழைய சைக்கிள் கடையில் ஏதோ மாட்டிக் கொடுத்தார்கள், இன்னும் ஓடுகிறது.

அத்தைப்பாட்டி
ஆகஸ்ட் 7

பொட்டு அட்டை என்ன ஆயிற்று? அதைப் பற்றி எழுதவே இல்லையே.

தஞ்சைப்பொண்ணு
ஆகஸ்ட் 7

அம்மா, எல்லாவற்றையும்விட அதுதான் அதிக நேரம் ஓடியது! பெரியவள் கை முழுக்க, ஜன்னல் முழுக்க, சின்னவன் வயிறு முழுக்க. முதல் விமானத்தில் இறங்கும் முன் எல்லாவற்றையும் உரித்து எடுத்துவிட்டேன். திருச்சி விமானத்தில் நான் கண் அசந்த நேரத்தில் சின்னவன் சீட்டில் ஏறி நின்று, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் சட்டைத் தோளில் ஒட்டியிருக்கிறான். வெள்ளைச் சட்டை, மூன்று சிவப்புப் பொட்டு. இமிக்ரேஷன் வரிசையில் அவர் எங்களுக்கு முன்னால் நின்றபோதுதான் பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அத்தைப்பாட்டி
ஆகஸ்ட் 7

ஐயோ பாவம். சிங்கப்பூரிலிருந்து வந்த மனுஷன் தோளில் பொட்டு. வீட்டில் அவருக்கு என்ன நடந்ததோ.